மாடி ரூமில் ஒரு வாக்காளர்

செகந்திராபாத்தை விட்டுக் கிளம்பும் முன் நான் செய்த கடைசிக் காரியம், அங்கே வாக்காளர் பட்டியலில் இருந்த என் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்ததுதான். ஒரு ஆளுக்கு ஒரே ஊரில் ஓட்டு. இனி எனக்குத் தமிழ்நாடு. அப்படி ஒரு துடிப்பு. குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். செத்தவர்கள் பெயரை நீக்கத்தான் அங்கே ஆள் வருவார்களாம். ரசீதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

தாம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் இதைப் பெருமையாகச் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.

“அவனவன் ரெண்டு ஊர்ல பேரு வெச்சிகினு கீறான். நீ இன்னாடான்னா இருந்ததையும் அடிச்சிட்டு வந்துகீறியே மச்சான்!”

எனக்கென்ன கவலை? சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மாடி ரூம் எடுத்திருந்தேன். வாக்காளர் கணக்கெடுக்க வரும்போது எழுதிக்கொள்ளப் போகிறார்கள், அவ்வளவுதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே கேட்டருகே பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். வீட்டுக்காரர் தன் குடும்பத்துப் பெயர்களையெல்லாம் சொல்லி முடித்தார்.

“மாடியில?”

“மாடியில யாரும் இல்ல மேடம்.”

ஈரச் சட்டையும் கையுமாக அப்படியே நின்றேன். பிறகு ரூமிலிருந்து செகந்திராபாத் ரசீதை எடுத்துக்கொண்டு படிகளில் தாவி இறங்கினேன். “நான் இருக்கேன் மேடம்!” ரசீதையும் நீட்டினேன்.

“கோச்சுக்காத தம்பி,” என்றார் வீட்டுக்காரர். “லிஸ்ட்ல பேர் ஏறிட்டா நாளைக்குக் காலி பண்ண மாட்டேன்னு நிப்பாங்க. இந்தத் தெருவுல குடித்தனக்காரங்க பேரை யாரும் சொல்றதில்ல.”

டீச்சர் தயங்கினார். “இங்கதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சவங்க யாராவது சொன்னா எழுதிக்கறேன்.”

எதிர் டீக்கடைக்காரரிடம் ஓடினேன்.

“டெய்லி பாக்கறேன் சார். எந்த வூடுன்னு இன்னாத்த கண்டேன்?”

வேறு யாரைக் கேட்பது? வந்து ஒரு வருடம் ஆகியும் அந்தத் தெருவில் என் பெயர் தெரிந்தவர் யாரும் இல்லை.

அப்போது உள்ளிருந்து வீட்டுக்காரரின் மனைவி குரல் கொடுத்தார். “எழுதிக்குங்க மேடம். இருக்கார். ரேடியோல நியூஸ் வந்தா ஒத்தையா உக்காந்து அதுகூட சண்டை போடுவார். சமையக்கட்டு வரைக்கும் கேக்கும்.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பெயர் ஏறிவிட்டது.

வீட்டுக்காரர் பயந்தது வீண். அடுத்த மாதமே காலி செய்யச் சொன்னார், மறுபேச்சுப் பேசாமல் பல்லாவரத்துக்குப் போய்விட்டேன்.

தேர்தலன்று மின்சார ரயில் பிடித்துப் பழைய இடத்துக்கே வந்து வரிசையில் நின்றேன். பெண்கள் வரிசையிலிருந்து பழைய வீட்டுக்கார அக்கா எட்டிப் பார்த்தார்.

“இன்னும் அங்க மாத்திக்கலையா? அவ்ளோ அவசரமா ஊர்ல பேரை அடிச்சிட்டு வந்த ஆளாச்சே!”

“மாத்தணும்க்கா,” என்றேன்.

பல்லாவரத்தில் கீழ்ப்போர்ஷனில் இருப்பவர்களின் முகத்தைக்கூட நான் இன்னும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. ரேடியோவையும் அங்கே மெதுவாகத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.