குரங்குகள் மேல் ஒரு வழக்கு

முஹோஞ்சாவின் வீட்டில் உப்பு குறைந்துகொண்டே வந்தது. எலியோ என்று நினைத்தாள். எலி உப்புத் தின்னுமா என்று உடனே அவளுக்கே சந்தேகம் வந்தது. பிறகு கொடிக்கயிறு காணாமல் போனது. அப்புறம், பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த கணவனின் பழைய நீலச் சட்டை.

ககமேகா காட்டோரச் சாலையில் மண்டாசி என்னும் மாவுப் பலகாரம் பொரித்து விற்கிறவள் அவள். யாராவது சிரித்தால் ஏன் சிரித்தார்கள் என்று யோசிப்பாள். முன்பெல்லாம் அப்படி இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, கணவன் ஷிட்சாமா வேறொருத்தியோடு எல்டோரெட் நகருக்குப் பஸ் ஏறிப் போனதைக் கண்ணால் பார்த்தாள். அன்று முதல்தான் இப்படி. ஆறு வயது மகள் கவேரேயிடம் மட்டும், "அப்பா காட்டுப் பக்கம் வேலைக்குப் போயிருக்காரு, வருவாரு" என்று சொல்லி வைத்தாள்.

இப்போது கவேரேக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டதும் காட்டுக்குள் ஓடிவிடுகிறாள்.

"எங்கடி போன?"

"விளையாட."

"யார்கூட?"

"இம்புஹிலாகூட."

"வேற யாரு?"

கவேரே ஒரு நொடி தயங்கினாள். "வேற யாருமில்லம்மா."

அந்த ஒரு நொடி போதும். காட்டுக்குள் எவனோ ஒளிந்துகொண்டு வீட்டுச் சாமான்களை எடுத்துவரப் பிள்ளைகளை ஏவுகிறான் என்று முஹோஞ்சா முடிவே கட்டிவிட்டாள். திருட்டுக் கரி சுடுகிறவனாக இருக்கும். மறுநாள் மண்டாசி திருப்பும் கம்பியை எடுத்துக்கொண்டு கவேரேயின் பின்னாலேயே போனாள்.

பெரிய அத்திமரத்தடியில் ஐந்தாறு பிள்ளைகள். உயர்ந்த வேரின் மேல், தலையில் காய்ந்த புல்லைக் கவிழ்த்துக்கொண்டு, கவேரேயின் தோழி இம்புஹிலா நீதிபதியாக உட்கார்ந்திருந்தாள். காணாமல்போன கொடிக்கயிற்றால் கட்டிய வட்டத்துக்குள் இரண்டு பொடியன்கள் குரங்குகளாகக் குந்தியிருந்தார்கள். கிளையில் நீலச் சட்டை தொங்கியது.

"எங்கப்பாவப் பிடிச்சு வெச்சிருக்கீங்க," என்றாள் கவேரே. "உப்பு கேட்டீங்க, குடுத்தோம். இன்னும் விடல."

"நாங்க பிடிக்கல, தாயே! அத்திப்பழம் தின்னத்தான் வந்தோம்," என்று அழுதது ஒரு குரங்கு.

"சாட்சி இருக்கா?" என்றாள் நீதிபதி.

மரத்தின் பின்னால் முஹோஞ்சாவின் காலடியில் சுள்ளி முறிந்தது. எல்லோரும் திரும்பினார்கள். இம்புஹிலா இறங்கவில்லை.

"அத்தே, நீங்கதான் சாட்சியா? அவரக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

கேலி செய்கிறார்களா? முஹோஞ்சா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கவேரே கண் இமைக்காமல் நின்றாள். முஹோஞ்சா பழைய பொய்யைச் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை.

"எல்டோரெட் பஸ்ஸுல ஏறுறப்போ. ஒரு பொம்பளகூட. யாரும் பிடிச்சுட்டுப் போகல. அவராத்தான் போனாரு."

கவேரே போய்க் கயிற்றை அவிழ்த்தாள். "நீங்க போலாம்," என்றாள் குரங்குகளிடம். பிறகு அம்மாவைப் பார்க்காமலே, "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு," என்றாள்.

வீடு திரும்பும் வழியில் முஹோஞ்சா கேட்டாள்:

"இதெல்லாம் யாருடி சொல்லிக்குடுத்தா?"

"யாருமில்ல. அங்க போனா தானா தோணுது."

முஹோஞ்சா நம்பவில்லை. மறுநாளும் போனாள். புதர்களை விலக்கிப் பார்த்தாள்; பெரிய ஆள் யாரும் இல்லை. அன்றைக்கு ஓடையின் மேல் வழக்கு. ஒரு பொடியனின் செருப்பை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவள் வேரில் ஓர் ஓரமாக உட்கார்ந்தாள்.

"ஓடைல முழங்கால் தண்ணிகூட இல்ல. அது எப்படி இழுக்கும்?" என்றாள். "எனக்கென்னவோ தவளைங்க மேலதான் சந்தேகம்."

பிள்ளைகள் வாய் பிளந்தார்கள்.

"தவளைகளக் கூப்பிடு!" என்றாள் நீதிபதி.