சீலக்காவும் 377-ஆம் பட்டையும்

தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து முதலாளி வரைக்கும் அவள் சீலக்காதான். முதலாளிக்கு அவளைவிடப் பதினைந்து வயது அதிகம். அவர் வாயிலும் அக்காதான்.

அங்கே தயாராவது, கண்புரை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கிற வில்லை. சட்டைப் பொத்தானில் பாதிகூட இருக்காது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று, பத்தொன்பது வயதில் அந்த வில்லைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட வந்தாள். பதினோரு வருடம் ஒட்டினாள். கோணலாக விழுந்தவை மொத்தம் இரண்டு. இரண்டையும் அன்றே உரித்து மறுபடி ஒட்டினாள். தேதிகூட அவளுக்கு நினைவிருக்கிறது.

வில்லைகள் விமானத்தில் வெளிநாடு போகும். விமானத்தில் ஏறுகிற எந்தப் பெட்டிக்கும், உள்ளே வேண்டாதது எதுவும் இல்லை என்று யாராவது உறுதி சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு வழி. விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வரிசையில் வைத்து, ஒவ்வொரு பெட்டியையும் எக்ஸ்ரே எந்திரத்துக்குள் விட்டு எடுக்கலாம். கூட்டத்தைப் பொறுத்து ஒரு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். அல்லது பெட்டி கட்டும் அறையிலேயே காவலைத் தொடங்கலாம். யார் கட்டினார், யார் பக்கத்தில் நின்று பார்த்தார், யார் சீல் வைத்தார், யார் ஓட்டிப் போனார் என்று ஒரு கை விட்டதை அடுத்த கை பிடிக்கும்வரை எழுத்தில் இருக்க வேண்டும். நடுவில் அறியாத கை படக் கூடாது. அப்படி நடத்திக் காட்டுகிற இடத்துக்கு அரசு அலுவலகம் நம்பகமான அனுப்புநர் என்று சான்று கொடுக்கும். அந்தச் சான்று இருந்தால் பெட்டிகள் வரிசையில் காத்துக் கிடக்காமல் நேரே விமானத்துக்குப் போய்விடும்.

இந்த வேலைக்கென்று முதலாளி முதலில் டை கட்டிய ஒருவரைக் கொண்டுவந்தார். மூன்றே மாதத்தில் அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது மேசையில் விட்டுப்போன விதிப்புத்தகத்தை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அடுப்பு மேடையில் சுவரோடு சாய்த்து வைத்துப் படித்தாள். புரியாத வார்த்தையைப் பென்சிலால் கோடிட்டு, மறுநாள் யாரையாவது பிடித்துக் கேட்டுவிடுவாள். படித்து முடிக்க ஏழு மாதம். முதலாளி அந்த வேலையை அவளிடமே கொடுத்தார். புத்தகத்தில் சொன்னபடி பெட்டி கட்டும் அறையை மாற்ற இன்னும் ஒன்றரை வருடம். நான்கு கதவு இருந்த அறைக்கு ஒரே கதவு ஆனது. ஜன்னலுக்குக் கம்பி வலை வந்தது. கைப்பேசிகளை வெளியே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கழுத்தில் அட்டை இல்லாதவருக்கு வழி கிடையாது.

ஒரு நாள் முதலாளியே அட்டையில்லாமல் வந்து நின்றார்.

"அட்டை எங்க சார்?"

"என்ன அக்கா, இது என் கம்பெனி!"

"கம்பெனி உங்களுது சார். ரூம் என் பொறுப்பு. மேசை டிராயர்ல வெச்சிருப்பீங்க, எடுத்துட்டு வாங்க."

அவர் போய் எடுத்துக்கொண்டு வந்தார். அன்றுதான் லேபிள் ஒட்டும் பெண்கள் அவளுக்கு சீலக்கா என்று பட்டம் கட்டினார்கள். கேலியாகத்தான் தொடங்கினார்கள், போகப் போகக் கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பெட்டிகளை விமான நிலையத்துக்கு ஓட்டிப் போவது அவளுடைய அண்ணன். சொந்த வேன். ஓட்டுநர் பட்டியலில் பெயர் ஏற அவருக்கும் எல்லாச் சோதனையும் நடந்தது. முன்பு எங்கெங்கே வேலை பார்த்தார், வழக்கு எதுவும் உண்டா என்று ஐந்து மாதம் விசாரித்து எழுதினாள்.

"நான் தூக்கி வளர்த்த புள்ள, என்கிட்டயே நன்னடத்தைச் சான்று கேக்குது," என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். புகார் போலத்தான் சொல்லுவார். முகத்தில் மட்டும் பெருமை வழியும்.

முதல் சான்று மூன்று வருடத்துக்கு. அது முடியும் தறுவாயில், மறு ஆய்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இது நடந்தது.

சீல் என்பது ஒரு பிளாஸ்டிக் பட்டை. வேனின் பின்கதவுத் தாழ்ப்பாளில் கோத்து இழுத்தால் இறுகிக்கொள்ளும். அறுக்காமல் கழற்ற முடியாது. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு எண். அன்றைய பட்டையின் எண் 418. பத்தரை மணிக்கு நாற்பத்தாறு பெட்டிகளும் ஏறின. அவள் எண்ணை வாசித்தாள், அண்ணன் திருப்பிச் சொன்னார், தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், வேன் கிளம்பியது. நாலே முக்காலுக்கு விமானம்.

கொட்டகையில் பட்டையை அறுக்குமுன் அங்குள்ள கிளார்க் அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவள் வைத்த வழக்கம். படம் பதினொன்று ஐம்பதுக்கு வந்தது. அவள் பெட்டி கட்டும் அறைக்குள் இருந்தாள். பன்னிரண்டரைக்கு வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தாள். படத்தில் இருந்த எண் 377.

அந்த எண் அவளுக்கு அந்நியமில்லை. பதிவேட்டைப் பிரித்தாள். நான்கு மாதத்துக்கு முன் அவள் கையெழுத்திலேயே இருந்தது: 377, மாற்றுப் பட்டை, வேனில். ஒரு நாள் பட்டை ஒன்று சரியாகப் பூட்டாமல் போனது. அவள் மாடியிலிருந்து வேறு கொண்டுவரும்வரை வேன் இருபது நிமிடம் நின்றது. அந்த அவசரத்துக்கு உதவட்டும் என்று அவள்தான் ஒன்றை வேனிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

போன் போட்டாள்.

"அண்ணா, எங்க இருக்க?"

"கொட்டகை வாசல்ல. பெட்டியெல்லாம் எறக்கியாச்சு, கையெழுத்தும் வாங்கியாச்சு. ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்னு."

"பட்டை எப்ப மாறுச்சு?"

"தம்பி, ஒரு டீ," என்று அண்ணன் கடைக்காரனிடம் சொல்வது கேட்டது.

"அண்ணா."

"ரயில்வே கேட்ல நின்னேன் பாப்பா. பதினொன்னு இருபது இருக்கும். நீதானே சொல்லியிருக்க, எங்க நின்னாலும் எறங்கி இழுத்துப் பாருன்னு. இழுத்தேன். கையோட வந்துருச்சு."

"உன் கைக்கு தண்டவாளமே வந்துரும். அப்புறம்?"

"கதவத் திறக்கல, சத்தியமா. மாத்துப் பட்டையப் போட்டு பூட்டிட்டேன். பேப்பர்லயும் பழைய நம்பர அழகா அடிச்சு புதுச எழுதிட்டேன்."

"ஆபீஸ்ல கேக்கலையா?"

"கிளார்க் தம்பி கேட்டான். ஏத்தும்போதே தங்கச்சி மாத்திட்டான்னு சொன்னேன்."

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"ஆய்வ ஒன்பது நாள்ல வெச்சுக்கிட்டு உன் தலையில இதையும் ஏத்தணுமா? ஒண்ணுமே நடக்கல பாப்பா. ரெண்டு நிமிஷ வேலை."

"மாத்துப் பட்டை எங்க இருந்துச்சு?"

"முன்னாடி, டேஷ்போர்டுல."

"நீ முன்னாடி போய் எடுத்த. அப்ப பின்கதவ யாரு பாத்துக்கிட்டு இருந்தா?"

ரயில்வே கேட்டில் வேனைச் சுற்றி எத்தனை வண்டிகள் நின்றிருக்கும் என்று அவள் கேட்கவில்லை.

கதவைத் திறக்கவில்லை என்று அண்ணன் சொன்னால் திறக்கவில்லைதான். அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த விமானத்தில் உட்காரப்போகிற முந்நூறு பேருக்கு அவள் அண்ணனைத் தெரியாது. அவர்களுக்கு உறுதி சொல்வது அந்தத் தாளில் இருக்கிற அவள் கையெழுத்துதான்.

முதலாளி அறைக்குப் போய் நடந்ததை நின்றபடியே சொன்னாள். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"உள்ள என்ன இருக்குன்னு உனக்கே தெரியும். லென்ஸ்தான் இருக்கு."

"பதினொன்னு இருபது வரைக்கும் தெரியும் சார். அப்புறம் ரெண்டு நிமிஷம் தெரியாது."

"இது வெளிய யாருக்குத் தெரியப்போகுது?"

"ஏற்கெனவே மூணு பேருக்குத் தெரியும் சார், உங்களையும் சேர்த்து."

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? சான்ற நிறுத்தி வைப்பாங்க. ரெண்டு வருஷமா நீ பட்டதெல்லாம் வீண். உன் அண்ணன் பொழப்பும் போயிடும்."

"யோசிச்சேன் சார். மாடிப்படி ஏறும்போது பூரா அதைத்தான் யோசிச்சேன். விமானம் கெளம்ப நாலு மணி நேரம்கூட இல்ல. நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?"

அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீயே பண்ணு. என்னை எதுக்கும் இழுக்காத."

"இழுக்கல சார். பேப்பர்ல என் கையெழுத்துதான இருக்கு."

கொட்டகை அலுவலகத்துக் கிளார்க் முதல் மணியிலேயே எடுத்தான்.

"அக்கா, எல்லாம் ஓகே ஆயிடுச்சே. நம்பர்கூட சரியா இருக்கு."

"அது சரியா இருக்கறதுதான் தம்பி தப்பு. வழியில அறுந்து போனத டிரைவர் மாத்தியிருக்கார். நான் மாத்தல. அந்த நாப்பத்தாறு பெட்டியும் இனி பாதுகாப்பான சரக்கு இல்ல. தனியா எடுத்து வைங்க. எக்ஸ்ரே வரிசையில போடுங்க."

"இன்னைக்கு வரிசை ரோடு வரைக்கும் நிக்குது அக்கா. எதுக்கு வீண் வம்பு?"

"நிக்கட்டும். நான் எழுத்துல அனுப்புறேன். வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு."

விமானம் வில்லைகள் இல்லாமல் போனது. பெட்டிகள் மூன்றாம் நாள் எந்திரத்துக்குள் போய் வந்தன. உள்ளே வில்லைகளைத் தவிர எதுவும் இல்லை. அதைக் கேட்டு முதலாளி, "நான் அப்பவே சொன்னேன்ல," என்றார். அவள், "ஆமா சார், இப்பதான் தெரியுது," என்று சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினாள்.

பட்டை மாறிய அன்றே அரசு அலுவலகத்துக்கு அறிக்கை எழுதி அனுப்பியிருந்தாள். ஒரே பக்கம். மாற்றுப் பட்டையை ஓட்டுநரிடம் கொடுத்தது என் தவறு என்பது முதல் வரி. ஓட்டுநர் வழியில் பட்டை மாற்றியதும், தாளைத் திருத்தியதும், கிளார்க்கிடம் பொய் சொன்னதும் அடுத்தடுத்த வரிகள். ஓட்டுநருக்கு உறவு என்ன என்று அந்தப் படிவம் கேட்கவில்லை. கடைசியில் அவளாகவே எழுதினாள்: என் உடன்பிறந்த அண்ணன்.

ஒன்பதாம் நாள் ஆய்வாளர் அம்மா வந்தார். காலை முழுவதும் பதிவேடுகளைப் புரட்டினார். 377 இருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதை நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது மேடம்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"அடுத்த தடவை பாதுகாப்பானதுன்னு எழுதும்போது, எழுதறது யாருன்னு எனக்கே சந்தேகம் வந்திருக்கும் மேடம்," என்றாள்.

சான்றை நாற்பது நாள் நிறுத்தி வைத்தார்கள். அந்த நாற்பது நாளும் எல்லாப் பெட்டிகளும் வரிசையில் நின்றுதான் போயின. முதலாளி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் பேச்சை எதிர்பார்த்து நிற்கவில்லை. பட்டைகளை எல்லாம் பூட்டிய பெட்டிக்கு மாற்றினாள். வண்டியில் ஒன்றுகூடப் போகக் கூடாது என்று விதி எழுதினாள். பலவீனமான பிளாஸ்டிக் பட்டைகளை ஒதுக்கிவிட்டு, உள்ளே கம்பி வைத்த வகையை வரவழைத்து, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துத் தன் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்தாள். நாற்பத்தோராம் நாள் சான்று புதுப்பித்து வந்தது.

அண்ணன் பெயர் பட்டியலில் இல்லை. புதிதாகப் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதித் தேறினால்தான் ஏறும். பயிற்சி நடத்துவது அவள். அவரோ தங்கையிடம் பேச்சை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அண்ணிதான் போன் செய்தாள். "உன் அண்ணன் வீட்டுல உக்காந்துக்கிட்டு எனக்கு ஆய்வு நடத்துறார். உப்பு டப்பா மூடி சரியா இல்லையாம். ஒண்ணு நீ வந்து கூட்டிட்டுப் போ, இல்ல நான் அந்த ஆளுக்கு வாயில சீல் வெச்சிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை போனாள். அண்ணன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவ எதுவும் மிச்சமில்லாத வேன்.

"என் பேர நீயே எழுதிக் குடுத்துட்டல்ல," என்றார், துணியைப் பிழிந்தபடி.

"வேற யாராவது எழுதியிருந்தா திருட்டுன்னு எழுதியிருப்பாங்க. நான் நடந்தத எழுதினேன்."

"உனக்காகத்தானே செஞ்சேன்."

"தெரியும். அதனாலதான் மாத்துப் பட்டையக் குடுத்தது நான்னு மொதல்ல எழுதினேன். வியாழக்கிழமை ஒன்பதரைக்கு பயிற்சி. பேனா நீயே கொண்டு வரணும்."

வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருபது வயசுப் பையன்கள் இரண்டு பேர். அவள் பாடம் நடத்தும்போது ஒருமுறைகூட அவர் பக்கம் பார்த்துப் புன்னகைக்கவில்லை. அவர் இரண்டு மணி நேரமும் குறிப்பு எழுதினார். மாலையில் இருபது கேள்வி. பதினெட்டு சரியாக இருந்தால் தேர்ச்சி.

அவர் தாளை அவள் இரண்டு முறை திருத்திப் பார்த்தாள். பதினேழு. சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டு நீட்டினாள்.

"ஒரே ஒரு மார்க்," என்றார் அண்ணன். பையன்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "தெரிஞ்ச மனுஷனுக்கு ஒரு மார்க் கூடவா கிடையாது?"

"ஆறாம் கேள்விய வாசிங்க." வகுப்பில் அவள் அவரை நீங்கள் என்றுதான் கூப்பிட்டாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். சரக்கு ஏற்றிய வண்டியின் பின்கதவைக் காவலில்லாமல் எவ்வளவு நேரம் விடலாம்? அதன் கீழே அவருடைய குண்டுக் கையெழுத்தில் இருந்தது: இரண்டு நிமிடம்.

அவர் பேனாவைத் திறந்து, தான் எழுதியதைத் தானே அடித்தார். பக்கத்தில் வேறு எதுவும் எழுதவில்லை. அடித்ததோடு சரி. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார்.

"அது பதிவேட்டுக்கு," என்று அவள் கையை நீட்டினாள்.

கொடுத்தார். "அடுத்த பரீட்சை எப்ப?"

"அடுத்த வியாழன். ஒன்பதரை."

"ஒன்பதுக்கே வந்துடுறேன், மேடம்," என்றார் அண்ணன். பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே தேதியைப் போட்டு, தேறவில்லை என்று தெளிவாக எழுதினாள்.