புள்ளியில்லாத எலுமிச்சைத் தோட்டம்

எலுமிச்சையில் சொறி நோய் வந்தால் இலையிலும் காயிலும் பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான புள்ளிகள் விழும். புள்ளி விழுந்த காயை வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நெல்லையே பார்த்துப் பழகிய காரைக்காலில் இந்த நோய்க்காகக் கவலைப்பட ஆட்கள் குறைவு. அந்தக் கொஞ்சம் பேருக்காக ஒரு வருடம் அரசு பணம் ஒதுக்கியது. நோய் கண்ட கிளைகளைக் கழிக்க ஆள், அடிக்க மருந்து, பட்டுப்போன மரத்துக்குப் பதில் புதுக் கன்று எல்லாம் அதில் உண்டு. விண்ணப்பித்தவர்களின் தோட்டத்துக்குப் போய், நோய் இருக்கிறது என்று படத்தோடு எழுதி அனுப்புவது வேளாண் துறையில் என் வேலை.

விழிதியூரிலிருந்து ஒரு பாய் விண்ணப்பம் கொடுத்திருந்தார். துபாயில் ஒரு ஹோட்டலின் சமையல்கூடத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலையில் இருபத்தேழு வருடம் கழித்துவிட்டு, போதும் என்று ஊர் திரும்பியவர். சுற்றிலும் வயலாக இருக்க, இவர் மட்டும் எலுமிச்சை வைத்தார். ஊரே கேலி பேசியது.

விண்ணப்பம் கொடுக்க அவர் மனைவியும் வந்திருந்தார். "இந்த மரம் நின்னாதான் மேடம் இவங்க இங்க இருப்பாங்க. இல்லாட்டி திரும்பவும் பிளேன் ஏறணும்" என்றார். பாய் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து லீவு லீவாகத்தான் அவரோடு வாழ்ந்திருக்கிறார்.

உதவி பெறுவோர் பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் புதுச்சேரித் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை பாய்க்கு போன் செய்து, "வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றேன்" என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை ஸ்கூட்டரை நிறுத்தும்போதே பார்த்துவிட்டேன். மரங்களுக்கெல்லாம் இடுப்பளவு சுண்ணாம்பு அடித்து, மேலே காவிப் பட்டை போட்டிருந்தது. தரையில் ஒரு சருகு கிடையாது. பாய் சலவைச் சட்டையில் நின்றார். மூன்று நாளாகப் புருஷனும் மனைவியும் ஏணி வைத்து ஏறி, புள்ளி விழுந்த இலை, காய், கொப்பு ஒன்று விடாமல் கிள்ளி எரித்திருக்கிறார்கள்.

"துபாய்ல பலதியா ஆளுங்க செக்கிங் வருவாங்க மேடம். நம்மூரு முனிசிபாலிட்டி மாதிரி. டைல்ஸ்ல ஒரு புள்ளி இருந்தாலும் சீல் வச்சிடுவாங்க. அல்ஹம்துலில்லாஹ், என் காலத்துல ஒரு தடவகூட மாட்டுனதில்ல" என்றார் பாய்.

நான் மரம் மரமாகத் தேடினேன். நோய் இல்லை என்று நம்பி வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நோயைத்தான் தேடினேன். கடைசி வரிசையில், உயரத்தில், ஒரே ஓர் இலையில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. அப்பாடா என்று போனைத் தூக்குவதற்குள் பாய் எட்டிக் குதித்து அதைப் பறித்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம், இது ஒண்ணு கண்ணுல படாம போச்சு" என்று கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனி வாங்கிப் படம் எடுத்தாலும் செல்லாது. இலை மரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி.

இதில் வேடிக்கை என்னவென்றால், சொறி நோய்க்கு நாங்கள் சொல்லும் முதல் வைத்தியமே கிள்ளி எரிப்பதுதான். அரசுப் பணத்தில் ஆள் வைத்துச் செய்ய இருந்ததை அவரே செய்துவிட்டார். ஆனால் மருந்து அடிக்காவிட்டால் அடுத்த மழையில் அது திரும்பி வரும்.

"எப்படி மேடம் இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா வச்சிருக்கீங்க பாய்" என்றேன். அது உண்மை. மிச்சத்தைச் சொல்லவில்லை. மூன்று நாள் ஏணியில் நின்ற மனிதரிடம், அந்த உழைப்பால்தான் உதவி போயிற்று என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. படிவத்தில், 'நோய் அறிகுறி தென்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. மேலதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே பிளீச்சிங் பவுடர் தூவி, ஒழுகும் குழாய்க்குத் துணி சுற்றி வைப்பவர்கள்தான் நாங்களும். வருவதைச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து பாய் அலுவலகத்துக்கு வந்தார். "நம்ம தோட்டம் பாஸ் ஆயிடுச்சுல்ல மேடம், மருந்து எப்ப வரும்?" என்றார். அப்போதுதான் சொன்னேன். நான் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தார்.

"எழுதினது சரிதான்" என்றார். பிறகு, "போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஐப்பசி மழையில் புள்ளிகள் திரும்பின. கைக்காசில் ஒரு தடவை மருந்து அடித்தார். அடுத்த தடவைக்கு முடியவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் துபாயில் பழைய ஹோட்டலுக்கே போய்விட்டார்.

இந்த வருடம் ஒரு காலையில் அவர் மனைவியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வரிசையாகப் படங்கள் வந்தன. இலையெல்லாம் புள்ளி, காயெல்லாம் புள்ளி. கூடவே குரல் பதிவு: "மேடம், இப்ப நெறைய இருக்கு. ஒரு இலையக்கூடத் தொடக் கூடாதுன்னு அவங்க சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணையும் தொடல. எப்ப பார்க்க வர்றீங்க?"

இந்த வருடம் அந்தத் திட்டம் அறிவிக்கப்படவில்லை. வருமா என்பதும் தெரியாது. அதை நம்பி அந்த அம்மாள் மாதக்கணக்கில் நோயைப் பாதுகாத்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை கோப்பு இல்லாமல் போனேன். காவிப் பட்டை வெளுத்திருந்தது. கால்வாசி மரங்கள் பட்டுப்போயிருந்தன. இந்த முறை அந்த அம்மாளிடம் வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "திட்டம் இல்லங்க. நீங்க காத்திருக்க வேணாம். இன்னைக்கே கிள்ளி எரிச்சிடணும். நானும் அதுக்குத்தான் வந்தேன்."

அவர் போய் ஏணியைக் கொண்டுவந்து முதல் மரத்தில் சாய்த்தார். நான் மேலே ஏறிக் கையை நீட்டியபோது, "கொஞ்சம் இருங்க மேடம், முதல்ல போட்டோ எடுங்க" என்றார்.

"இந்தப் படம் எதுக்கும் செல்லாதுங்க."

"தெரியும் மேடம். அவங்களுக்கு அனுப்பத்தான், உங்க கையும் தெரியற மாதிரி எடுங்க. மரம் நின்னா திரும்பி வந்துடறேன்னு சொல்லியிருக்காங்க. நாம கிள்ள ஆரம்பிச்சுட்டோம்னு தெரியட்டும்."