பஸ் ஏறித் துக்கம் கேட்கிறவர்

செப்டம்பர் பிறந்துவிட்டால் மிருணாளினி டீச்சர் அரிசி சுமக்கத் தொடங்கிவிடுவார். முதுகுப்பையில் எட்டுக் கிலோ குத்தரிசியைப் போட்டுக்கொண்டு சிட்னியின் பென்டில் ஹில் ஸ்டேஷன் படிகளில் ஏறுவார், இறங்குவார், மறுபடியும் ஏறுவார். வயது அறுபத்து மூன்று. பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு பை மட்டும் தன்பாட்டில் படியேறிப் போவது போலத் தெரியும். பக்கத்திலேயே லிஃப்ட் இருக்கிறதே என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். "அமெரிக்காவிலை பஸ்ஸுக்குப் பஸ் எனக்கு ஆர் லிஃப்ட் கட்டி வைச்சிருக்கினம்?" என்று கேட்டுவிட்டு, மூச்சு வாங்க இன்னொரு முறை ஏறினார்.

டீச்சருக்கு இங்கே ஒரு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை. நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்க வேண்டும். சீட்டில் உப்பில்லை என்றிருந்தால் உப்பில்லை. அரைக் கோப்பைப் பால் என்றிருந்தால் அரைக் கோப்பைதான். வருட விடுமுறை நான்கு வாரத்தையும் சேர்த்து வைத்து, அக்டோபரில் தன்னந்தனியாக அமெரிக்கா போவார். பாஸ்டனில் இறங்கி பிலடெல்பியா, பால்டிமோர், ரிச்மண்ட், சார்ல்ஸ்டன், சவானா என்று பழைய ஊர்களாகப் பார்த்து பஸ்ஸிலேயே போய், நியூ ஆர்லியன்ஸில் விமானம் ஏறுவார். தங்குவது, கல்லூரிப் பிள்ளைகள் அடுக்குக் கட்டிலில் தூங்கும் மலிவு விடுதிகளில். மேல் கட்டில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குவாராம்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று கேட்டால், யாழ்ப்பாணத்திலிருந்து என்பார். அங்கே ஒன்பது வருடம் சரித்திர ஆசிரியை. "பொஸ்ரனிலை தேயிலைப் பெட்டியைக் கடலுக்கை எறிஞ்சதை ஒன்பது வருசம் படிப்பிச்சனான். பொஸ்ரன் எந்தப் பக்கம் கிடக்கெண்டே எனக்குத் தெரியாது. பிள்ளையளை ஏமாத்தின மாதிரி ஒரு கரைச்சல் மனசுக்கை." கல்யாணம் செய்யவில்லை. சிட்னியில் கையில் கொஞ்சம் மிஞ்சியதும் அந்தக் கரைச்சலைத் தீர்க்கப் புறப்பட்டார். அது பதினொரு வருடத்துக்கு முன்பு. இன்றுவரை அந்தத் தேயிலைத் துறைமுகத்தை அவர் பார்க்கவில்லை.

காரணம், முதல் பயணத்துக்கு முந்திய வாரம் ரயிலில் ஒரு பையன் கேட்ட உதவி. அவன் மாமா பிலடெல்பியாவில் இறந்து போயிருந்தார். அவனால் போக முடியாது. படகில் வந்து, 'பிரிட்ஜிங் விசா' என்ற ஒரு துண்டுக் காகிதத்தில் வருடக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருப்பவன். நாட்டைவிட்டு ஒரு காலை வெளியே வைத்தால் திரும்பி வர வழியில்லை. "ரீச்சர், அந்த ஊருக்குத்தானே போறியள். எனக்காக மாமி வீட்டிலை பத்து நிமிசம் இருந்திட்டு வாங்கோ." டீச்சர் போனார். அடுத்த வருடம் மூன்று வீடுகள். அதற்கடுத்து ஆறு. மேற்கு சிட்னியில் இப்படித் தொங்கிக்கொண்டிருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று, தமிழ்நாட்டிலிருந்து நல்ல விசாவில் வந்து நார்த்மீட்டில் வீடு வாங்கிக் குடியிருக்கும் எனக்கு, டீச்சரைப் பார்க்கும்வரை தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவருடைய பையின் அடியில் சாம்பல் கரை போட்ட வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்று சுருட்டியபடி கிடக்கும். பயணம் முழுக்க டிராக் பேண்டும் சட்டையும்தான். துக்க வீடு உள்ள ஊரில் பஸ் நின்றதும் கழிப்பறைக்குள் போய்ச் சேலையைக் கட்டி, பொட்டை எடுத்துவிட்டு வெளியே வருவார். வீட்டுக்குப் போய் ஒரு நாற்காலியில், அவர் பாஷையில் கதிரையில், இருப்பார். இருப்பதுதான் வேலை. தேற்றமாட்டார், விதி என்று சொல்லமாட்டார். அனுப்பியவர் சொன்னதை மட்டும் பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்துவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு எழும்பிவிடுவார். விமானத்தில் போனால் நேரம் மிச்சமில்லையா என்று கேட்டேன். "ஒரு செத்தவீட்டுச் சோகத்தோடை மற்றச் செத்தவீட்டுக்குப் போகக்கூடாது, தம்பி. இடையிலை முகம் கழுவுப்பட வேணும். அதுக்கு ஆறேழு மணித்தியாலம் பஸ்ஸிலை இருக்கத்தான் வேணும்" என்றார்.

திரும்பி வந்ததும், அனுப்பிய ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்ப்பார். வாசலில் யார் அழுதது, யார் அழவில்லை, படம் எந்தச் சுவரில் மாட்டியிருந்தது, எல்லாம் சொல்வார். அவருக்கு இருக்கும் ஒரே கர்வம் இதில்தான். "நான் கூட்டிறதுமில்லை, குறைக்கிறதுமில்லை."

ஊர் சும்மா இருக்குமா? மளிகைக் கடையில் அவரைக் கண்டால் ஒதுங்குகிறவர்கள் உண்டு. என் மனைவி கலா, "அந்தம்மா நல்லவங்கதான். ஆனா நம்ம வீட்டுக்கு வந்தா உடனே ஊருக்கு போன் போட்டுப் பாக்கத் தோணுதுங்க" என்பாள். நானும் யோக்கியன் இல்லை. "டீச்சர், பையோட எங்க தெருப்பக்கம் வந்துராதீங்க" என்று அவர் முகத்துக்கு நேரே கிண்டல் செய்திருக்கிறேன். அவரும் சிரித்திருக்கிறார். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம், இந்தக் கட்டுரைக்காகத்தான் அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அருந்தவன் வந்தார். அவரும் அந்தத் துண்டுக் காகிதத்தில் தொங்குகிறவர்தான், வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கிறவர். முழங்காலில் சிமெண்ட் காயாமல் இருந்தது. பால்டிமோரில் அவருடைய அக்கா ரஞ்சினி இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் ரஞ்சினியின் மாமியார் இறந்தபோது, அருந்தவனுக்காக டீச்சர் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார்.

"ரீச்சர், இந்த முறை அக்காவை ஒருக்காப் பாத்திட்டு வாறியளோ?"

"ஏன், ஆர் மோசம் போனது? செத்தவீடு எங்கை?"

"ஒருத்தரும் இல்லை. அக்காவுக்குத்தான் வயித்திலை கான்சர். தை மாசம் தாண்டாதெண்டு அத்தானுக்குச் சொல்லிப்போட்டினம். அக்காவுக்குத் தெரியாது. டொக்ரர் சொல்லுறதை மகள்தான் தமிழிலை சொல்லுறவள், பாதியை விழுங்கிப்போடுவாள். மருந்து வேலை செய்யுதெண்டுதான் அக்கா நினைச்சுக்கொண்டிருக்கிறா."

டீச்சர் உடனே தலையாட்டி மறுத்தார். "அப்ப நான் போகேலாது. நான் போற வீடு எதெண்டு அவவுக்குத் தெரியும். என்னைக் கண்டால் விளங்கிக்கொள்ளுவா."

"ஊர் பாக்க வந்த இடத்திலை எட்டிப் பாத்தனான் எண்டு சொல்லுங்கோ."

"எனக்குப் பொய் வராது, தம்பி."

அருந்தவன் முழங்காலில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினார். பிறகு சொன்னார். "அம்மா இல்லாத என்னைத் தூக்கி வளத்தவ. பதினேழு வருசமாய்ப் பாக்கேல்லை. செத்தாப் பிறகு நீங்கள் போய்க் கதிரையிலை இருந்து எனக்கென்ன? உயிரோடை இருக்கேக்கை ஆரும் என்ரை ஆள் ஒராள் போய்ப் பாக்கவேணும்."

டீச்சர் எழும்பித் தண்ணீர் குடித்தார். "சரி. சேலை கட்டாமல் போறன்" என்றார்.

அதன் பிறகு பால்டிமோரில் நடந்ததை, டீச்சர் வாயால் கேட்டபடியே எழுதுகிறேன். "பொஸ்ரனிலை ரெண்டு வீடு முடிச்சு, பத்து மணித்தியாலம் பஸ்ஸிலை இருந்து போய் இறங்கினனான். கழிப்பறைக்குப் போனனான். கை தன்ரை பாட்டிலை பையைத் திறந்தது, தம்பி. பதினொரு வருசப் பழக்கம். ராக்சி பிடிச்சு, வாசலிலை போய்ப் பெல்லை அடிச்சாப் பிறகுதான் குனிஞ்சு காலைப் பாத்தனான். சேலைக் கரை தெரிஞ்சுது. திரும்பி ஓடுவம் எண்டு நினைக்கக் கதவு திறந்திட்டுது."

கதவைத் திறந்தது ரஞ்சினியேதான். தலையில் துணி கட்டியிருந்தாராம். டீச்சரைத் தோளிலிருந்து கால்வரை பார்த்தாராம். பிறகு, "வாங்கோ ரீச்சர். கொஞ்சம் வேளைக்கு வந்திட்டியள்" என்றாராம். வேளைக்கு என்றால் அவர்கள் பேச்சில் முன்கூட்டியே.

டீச்சர் மற்ற ஊர்களை விட்டுவிட்டு நான்கு நாள் அங்கேயே இருந்தார். அந்த நான்கு நாளும் ரஞ்சினி அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தம்பியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை அடுத்த கான்சர் ஊசிக்குப் போகவேண்டும். வரமாட்டேன் என்றுவிட்டார். கணவர் கெஞ்சினார், மகள் அழுதாள். போதும் என்கிற பொருளில் "காணும்" என்று மட்டும் சொன்னாராம். தை மாதம்வரை என்று வைத்தியர்கள் கொடுத்த கணக்கு பொய்த்து, நவம்பர் நடுவிலேயே இறந்து போனார்.

இதற்கிடையில் டீச்சர் சிட்னிக்குத் திரும்பிவிட்டார். அருந்தவன் போன் செய்தபோதெல்லாம் "பாத்தனான். நேரிலை வந்து சொல்லுறன்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாகச் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட்டார். வேலையிடத்தில் தட்டுகளை மாற்றி அடுக்கி, மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கினார். ரஞ்சினி இறந்த செய்தி வந்த பிறகு, மெலிந்து பாதியாகிவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. "சேலை விஷயத்தை மட்டும் விட்டுருங்க டீச்சர். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். நியாயமான யோசனை என்றுதான் நினைத்தேன்.

"குறைச்சுச் சொல்லுறதெண்டா நான் ஏன் அவ்வளவு தூரம் போகவேணும்? போனிலை கேக்கலாந்தானே" என்றார். நான் இதை எழுதலாமா என்று கேட்டதற்கும் பதில் அதுதான். முதலில் அருந்தவனுக்குச் சொல்லவேண்டும், அதன் பிறகு எழுதுங்கோ, பெயரையும் மாற்றாதேங்கோ என்றார். அருந்தவனிடமும் பிற்பாடு சம்மதம் கேட்டுக்கொண்டேன்.

ரஞ்சினியின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த சனிக்கிழமை நான்தான் காரில் கூட்டிப்போனேன். டிசம்பர் வெயில். நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடு. மற்ற மூவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். டிவி மேசையில் ரஞ்சினியின் படம், பிளாஸ்டிக் மாலை. டீச்சர் கதிரையில் இருந்து, பாஸ்டனில் பஸ் ஏறியதிலிருந்து தொடங்கினார். கழிப்பறையை விடவில்லை, பெல்லை விடவில்லை, ரஞ்சினி சொன்ன வார்த்தையை விடவில்லை. குரல் ஒரே சீராக இருந்தது. விரல்கள்தான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தன.

"அப்ப ஊசியை நிப்பாட்டினது அதாலையோ?" என்று அருந்தவன் கேட்டார்.

"ஓம். அப்பிடித்தான் நான் நினைக்கிறன்."

அருந்தவன் எழும்பிப் பின்கதவைத் திறந்து முற்றத்துக்குப் போனார். துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டியபடி நின்றார். நான் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் மேல் எனக்கே கோபம் வந்தது. இந்த உண்மை அந்த மனிதனுக்கு எதற்கு? இனி அவன் அதை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

கால் மணி நேரம் கழித்து அருந்தவன் உள்ளே வந்தார். உட்காரவில்லை. டீச்சரைப் பார்க்காமல், "சரி ரீச்சர். போயிட்டு வாங்கோ" என்றார். நான் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். டீச்சரும் எழுந்தார். ஆனால் வாசலுக்கு வராமல் அருந்தவனிடம் போய் நின்றார்.

"அங்கையிருந்து வெளிக்கிடேக்கை ரஞ்சினி தம்பிக்கெண்டு ஒண்டு தந்து விட்டவா. அதையும் குடுத்திட்டுப் போறன்."

யாரையும் தொட்டுப் பேசாத மனுஷி, இரண்டு கையாலும் அந்த ஆறடி ஆளின் முகத்தைப் பிடித்தார். அருந்தவன் விறைத்துப்போய் நின்றார். டீச்சர் நுனிக்காலில் எழும்பி இடது கன்னத்தில் முத்தமிட்டார். எட்டவில்லை, தாடையோரத்தில்தான் பட்டது. வலது கன்னத்துக்கு அருந்தவன் குனிந்து கொடுத்தார்.