இடி முழங்கத் தாலி கட்டுவித்தவர்

யோகராசா அண்ணை போய்விட்டார் என்ற செய்தி போன வியாழக்கிழமை நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய மனைவி மலரக்காதான் தொலைபேசியில் பேசினார். "நித்திரையிலேயே போயிட்டாரடி. ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கேல்லை" என்றார். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு சிரித்துவிட்டேன். சுவிஸில், இந்தப் பாடனில் அவரை அறிந்த உங்களுக்கு அது விளங்கும். அவரை நினைத்துக்கொண்டு நெடுநேரம் அழ முடியாது.

அவர் மட்டக்களப்புக்காரர். அங்கே அடித்த சூறாவளி தன் வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவர். அன்றிலிருந்து அவருக்குக் காற்றென்றால் பயம், அதை மறைக்கவும் மாட்டார். பாடனில் ஓர் உணவகத்துச் சமையலறையில் அவரும், எனக்குக் கணவராக வரவிருந்தவரும் ஒன்றாக வேலை செய்தார்கள். ஜன்னல் சற்று ஆடினாலே சட்டியை விட்டுவிட்டு வானம் பார்க்க வெளியே ஓடுவாராம். யாழ்ப்பாணத்தாராகிய நாங்கள் அவருக்கு 'வானிலை அறிக்கை' என்று பட்டம் வைத்தோம். அவர் கோபித்ததே இல்லை. "காத்து ஆளைத் தேடி வாறல்ல புள்ள. அதுட வழியில ஆரு நிக்கிறது எண்டு நாமதான் பாக்கணும்" என்பார்.

எண்பதுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில் எனக்குக் கல்யாணம். அப்போது எங்களுக்குப் பக்கத்தில் கோயில் ஏது? ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். மண்டபத்தின் பொறுப்பாளரை இங்கே அப்வார்ட் என்பார்கள். பெரிய மீசை வைத்த அந்த அப்வார்ட், உள்ளே நெருப்பு மூட்டினால் கூரை கறுத்துவிடும் என்று ஓமத்துக்குத் தடை போட்டார். எங்கள் ஆட்கள் விடுவார்களா? மண்டபத்து முற்றத்தில் பனியை வழித்துவிட்டு, இரும்புக் குழாய் நட்டு, படங்கு விரித்துப் பந்தல் போட்டுவிட்டார்கள். நான் கூறைச்சேலைக்குள் கம்பளிக் காற்சட்டையோடு மணவறையில் இருந்தேன்.

அன்று காலை அப்வார்ட்டின் வானொலி, மேற்கிலிருந்து பெருங்காற்றும் இடியும் வருவதாகச் சொன்னது. என்னைத் தாரைவார்த்துக் கொடுக்க வந்திருந்த மாமா அதை நம்பவில்லை. "தை மாசத்தில இடியோ? விசர்க் கதை!" என்றார். யோகராசா அண்ணை மட்டும் அப்வார்ட்டின் அறைக்குப் போய்த் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டார். அகதி விண்ணப்பம் கொடுத்த எங்களைக் கன்டோன் கன்டோனாக, மாநிலத்துக்குச் சிலராகப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். அந்தப் பிரிவு எங்களுக்குப் பெரிய கவலை. ஆனால் அதனாலேயே காற்று வரும் வழியில் ஊருக்கு ஒருவர் எங்களுக்கு இருந்தார்.

ஜெனீவாவில் கதவைத் திறக்கவே முடியவில்லையாம். லவுசானிலிருந்தவர், "ஏரியில தண்ணி தூண் மாதிரிச் சுழண்டு எழும்புது அண்ணை!" என்று கத்தினாராம். பேர்ணில் ஆலங்கட்டியும் இடியும். ஒவ்வொருவரிடமும் முதலில் "உங்களுக்கு ஒண்டும் ஆகல்லத்தானே?" என்று கேட்டுவிட்டு, பிறகுதான் "மறுகா எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்பார். கடைசியில் திரிம்பாக்கில் இருந்தவர் பேசினார். சுழல்காற்று ஒரு மாட்டுத்தொழுவத்தின் கூரையை வயலுக்கு மேலே கொண்டுபோகிறதாம். திரிம்பாக் எங்களுக்கு அடுத்த வாசல் மாதிரி. பக்கத்தில் நின்ற அப்வார்ட்டும் தொலைபேசிக்குள் அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டார்.

ஐயர் அப்போதுதான் சங்கற்பம் தொடங்கியிருந்தார். யோகராசா அண்ணை ஓடிவந்து, "எல்லாரும் உள்ளுக்குப் போங்க, பந்தல் பறக்கப் போகுது!" என்றார். மாமா எழும்பி மறித்தார்.

"தாலி ஏற முன்னம் மணவறையை விட்டு எழும்புறதோ? பொம்பிளைப் பிள்ளையின்ர வாழ்க்கை, யோகராசா!"

இதே முகூர்த்தத்துக்கு ஊரில் அம்மா விளக்கேற்றிக்கொண்டிருப்பார். எழும்பினால் அபசகுனம், இருந்தால் அத்தனை குழந்தைகளும் அந்த இரும்புக் குழாய்களுக்குக் கீழே. எல்லாரும் மாமாவின் முகத்தையே பார்த்தார்கள். யோகராசா அண்ணை என் முன்னால் குந்தினார்.

"புள்ள, எனக்குப் பயமாக் கிடக்கு. எனக்காக எழும்பு."

எழும்பிவிட்டேன். நான் எழும்ப மாப்பிள்ளையும் எழும்பினார், பிறகு முழுச் சபையும் எழும்பியது.

எங்கே போவது? "குசினிக்கு!" என்றார் அவர். அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் பெரிய கூண்டு இருந்தது. அதன் கீழே ஓமம் வளர்த்தால் கூரை கறுக்காது என்று தன் சமையலறை ஜெர்மனில் அவர் சொல்லி முடிக்குமுன், அப்வார்ட் தானே ஓடிப்போய் விசிறியைப் போட்டுவிட்டார். கேக் தட்டில் ஓமம், பக்கத்து அடுப்பில் ரசம். நாதஸ்வரக் கசெற் பந்தலிலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கவும், மண்டபமே அதிர இடி விழவும் சரியாக இருந்தது. அதைவிடக் கெட்டிமேளம் யாருக்குக் கிடைக்கும்? ஜன்னலுக்கு வெளியே எங்கள் பந்தல் சுழன்று எழும்பிப் பேரிமரத்தைத் தாண்டிப் போனது. குழாய்கள் மணவறை இருந்த இடத்தில் வந்து விழுந்தன. மாமாவும் அட்சதை போட்டார். பாதி ரசத்துக்குள் விழுந்தது. அன்று ரசம் குடித்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

காலில் விழ யோகராசா அண்ணையைத் தேடினேன். சபையில் ஆளைக் காணவில்லை. மறுபடியும் தொலைபேசியடியில் நின்றார். "தம்பி, எங்களத் தாண்டிற்று. மறுகா வின்ரத்தூருக்குத்தான் வரும். புள்ளைகள உள்ளுக்கு எடுங்க."

"அண்ணை, முதல்ல வந்து சாப்பிடுங்கோ!" என்றேன்.

"பொறு புள்ள, சென்காலனுக்கு இன்னும் சொல்லல்ல" என்று அடுத்த எண்ணைச் சுழற்றினார்.

எங்கள் ஆபத்து முடிந்துவிட்டது, நாங்கள் பாயாசம் குடித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு மட்டும் அது முடியவில்லை. கிழக்கே இருந்த கடைசி ஆளும் கதவைச் சாத்திய பிறகுதான் வந்து இலையில் இருந்தார். இருந்த பிறகு அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை, மலரக்கா கோபிப்பார்.

இப்போது காற்று எழும்பினால், என் வீட்டைத் தாண்டியதும் நான் வின்ரத்தூரில் இருக்கும் மகளுக்கு அழைக்கிறேன். அவள் சிரிக்கிறாள். "அம்மா, எல்லாம் போனிலயே வருதம்மா, நீங்கள் ஏன் பயப்பிடுறியள்?" என்கிறாள். சிரிக்கட்டும். யோகராசா அண்ணை, நீங்கள் இனிப் பயப்பட வேண்டாம். உங்கள் பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.