பூண்டு உரிக்கிற கை

என் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் முதன்முதலில் மடங்கியபோது நான் மேடையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் ஒரு சிறிய நகரம். அரங்கு பாதிதான் நிறைந்திருந்தது. சுரங்கள் வேகமாக மேலேறிப் போகவேண்டிய ஓர் இடத்தில் மோதிர விரலும் சுண்டு விரலும் தாமாகவே உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன. மிச்ச விரல்களை வைத்துச் சமாளித்து முடித்தேன். கைதட்டினார்கள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

களைப்பு இல்லை. அடுத்த கச்சேரியிலும் மடங்கின. பிறகு அறையில் தனியாகப் பயிற்சி செய்யும்போதும் மடங்கின. நரம்பு மருத்துவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையில் ஒரு கோளாறும் இல்லை என்றார். வருடக்கணக்கில் ஒரே அசைவைச் செய்துசெய்து, அந்த விரல்களுக்குப் போகிற கட்டளையை மூளை குழப்பிக்கொள்கிறதாம். பியானோவைத் தொடும்போது மட்டும். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். ஒப்புக்கொண்டிருந்த கச்சேரிகளை ரத்துசெய்தேன், வாடகை அறையைக் காலிசெய்தேன், கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பினேன்.

எங்கள் வீடு தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. நைனா என்று நான் கூப்பிடும் அப்பா அங்கே இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் சின்னப் பெண்ணாக சர்ச்சில் கீபோர்டு வாசித்ததைக் கேட்ட யாரோ, இவளைப் பியானோவில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லப்போக, நைனா அதைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமைதோறும் நைட் ஷிப்ட் முடித்த கையோடு என்னை ரயிலில் சென்னைக்கு அழைத்துப்போவார். நான் உள்ளே வாசிக்க, அவர் டீச்சர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். ஓய்வுபெற்றதும் முதல் வேலையாக ஒரு பழைய பியானோ வாங்கிப் போட்டார், நான் லீவில் வந்தால் வாசிப்பதற்காக. ஹாலில் பாதியை அது அடைத்துக்கொண்டது. மீதிப் பாதியில் என் கட்டில்.

மருத்துவர் சொன்னதை நைனாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன். நைனா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாளே மில் நண்பர்கள் இரண்டு பேரை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். "எம் பொண்ணு வந்துகீது, கேட்டுட்டுப் போங்க" என்றார். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் அடுப்படியில் அம்மாவோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூண்டு உரிக்கசொல்ல வலிக்கலியா?"

"வலிக்கறது இல்லமா. வலியே கெடயாது."

"துணி புழியற. பூ கட்டற. வாசிக்கசொல்ல மட்டும் இன்னா வருது அதுக்கு?"

ஒரு கட்டு போட்டிருந்தாலோ, ஒரு விரல் வீங்கியிருந்தாலோகூட நம்பியிருப்பார்கள். நைனா கூடத்திலிருந்தே சொன்னார், "அதுக்குப் பேரு பயம். நாலு பேரு எதிர்ல ஒக்காந்து வாசிச்சா போய்டும்."

நாலு பேரைச் சொல்லி நாலு தெருவையே கூட்டிவிட்டார். ஒருநாள் காலை ஸ்டேஷன் ரோட்டில் காய் வாங்கப் போனேன். எங்கள் சர்ச் சபையின் ஆண்டு விழா பேனரில் என் படம்: கறுப்பு கவுன், இரண்டு கைகளும் பியானோவின் மேல். கீழே, உலகப் புகழ்பெற்ற நம்ம ஊர் பியானோ கலைஞர். காய் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

"என்னைக் கேக்காம எப்டி நைனா?"

"கேட்டா நீ இன்னா சொல்லுவன்னு எனக்குத் தெரியாதா? ஜனமெல்லாம் காத்துக்கினு கீது. பாஸ்டர் கையில சொல்லிட்டேன்."

ரயிலேறிப் போய்விடலாமா என்று தோன்றியது. எங்கே போவது? சென்னையில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாருமே இசைக்காரர்கள். பார்த்தவுடன் அடுத்த கச்சேரி எங்கே என்றுதான் கேட்பார்கள். இருந்துவிட்டேன்.

விழாவன்று எங்கள் பியானோவையே குட்டியானை வண்டியில் ஏற்றி சர்ச்சுக்குக் கொண்டுபோனார்கள். நைனா வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மெதுவான ஒன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அந்த இரண்டு விரல்களுக்கு வேலை இல்லாதபடி மாற்றி வைத்திருந்தேன். தொடக்கம் நன்றாகவே போனது. நன்றாகப் போகிறதே என்று நினைத்தேன். உடனே விரல்கள் மூடிக்கொண்டன. நிறுத்தி, முன்னாலிருந்து எடுத்தேன். அதே இடத்தில் மூடின. கையைத் தூக்கி மடியில் வைத்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் விரிந்துகொண்டன. இறங்கிப் போக ஒரே வழி, நடுவில், எல்லாரையும் கடந்து.

"மன்னிச்சிடுங்க. என்னால முடியல" என்றேன்.

பாஸ்டர் சட்டென்று ஒரு பாட்டை எடுத்துக்கொடுத்தார். சபை எழுந்து நின்று பாடியது. நான் இடது கையால் மட்டும் அடிநாதம் பிடித்துக்கொண்டிருந்தேன். முடியும்வரை முதல் வரிசைப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நைனா சட்டையைக்கூடக் கழற்றாமல், "கைய நீட்டு" என்றார். டியூப்லைட்டுக்கு அடியில் ஒவ்வொரு விரலாக மடக்கினார், நீட்டினார். சூடுபட்டுத் தடித்துப்போன விரல்கள் அவருடையவை.

"நல்லாத்தான கீது?"

"ஆமா நைனா. அதான் பேஜாரே."

"நீயா மடக்கல. அதுவா மடங்குதா?"

"அதுவா."

முதன்முறையாக அன்றுதான் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டார். பிறகு யாரையும் அழைத்துவரவில்லை. மறுநாள் பியானோ திரும்ப வந்தபோது, எங்கே வைப்பது என்று ஆட்கள் கேட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னேன்.

இப்போது ஒரு சிகிச்சையாளர் வீடியோவில் சொல்லித்தருகிறார். பியானோவில் ஒரு விரல், ஒரு கட்டை, முடிந்த அளவு மெதுவாக. விரல் சுருள ஆரம்பித்தால் நிறுத்திவிடவேண்டும். நாள் முழுக்க ஒரே சுரம். ஒருகாலத்தில் முழுக் கச்சேரி வாசித்தவள், ஒரு விரல் நேராக இறங்குவதற்குக் காத்திருக்கிறேன். கடைத்தெருவில் இன்னமும் கேட்கிறார்கள், "எப்பமா ஃபாரின் போற?" போகணும் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறேன்.

காலையில் நைனா பேப்பரோடு பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பார். நான் கட்டையிலிருந்து கையை எடுத்ததும், "எப்டி கீது இன்னிக்கு?" என்பார்.

"நேத்து மாதிரிதான்."

"சரி. நாஷ்டா துன்னுட்டு ஒக்காரு."

சாப்பிட்டுவிட்டு மறுபடியும் உட்காருகிறேன். வேறு எங்கே போய் உட்காருவதென்று எனக்குத் தெரியவில்லை.