ஓரம் வெட்டிய பாவுப் படம்

சித்தப்பா இறந்தபோது சித்திக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பிள்ளை இல்லை. அதன் பிறகுதான் அவள் பழைய போட்டோ சேர்க்க ஆரம்பித்தாள். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் எந்த வீட்டில் பரண் ஒழித்தாலும் போய் நிற்பாள். வேகவதியில் வெள்ளம் வந்த படம், தெருவுக்கு முதல் விளக்குக் கம்பம் நட்ட படம், கூரத்திலிருந்து நெல் ஏற்றி வந்த வண்டிகளின் படம். யார் யார் என்று கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதி, ஒரு தகரப் பெட்டியில் வைப்பாள்.

"ஊர்ல பொம்பளைங்க ரேஷன் கடையில சக்கரை வாங்கிக்கினு வராங்க. இவ கிழிஞ்ச போட்டோ வாங்கிக்கினு வரா," என்று பெரியப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். என் அப்பா, அண்ணன் முன்னால் வாயே திறக்க மாட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கல்லூரி வாத்தியார், ஊரின் பழைய படங்களைப் பள்ளிக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பெரியப்பா தகரப் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். "எல்லாம் நான் சேத்ததுங்க," என்றார். சித்தி சமையலறைக் கதவோரம் நின்றாள். நான் அவள் பக்கத்தில்.

வாத்தியார் ஒரு படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விடியற்காலையில் தெரு நீளத்துக்குத் தறியில் ஏற்றவேண்டிய பாவு நூலை விரித்து, வீட்டிலுள்ள எல்லோரும் இழைகளைப் பிரித்துக்கொண்டு நிற்கிற படம். நடுவில் சித்தப்பா. ஓரத்தில் புதுப்பெண்ணாகச் சித்தி, தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. அவர்கள் இருவரும் சேர்ந்து இருந்த ஒரே படம் அது.

"இதைப் பெருசாப் போடலாம்," என்றார் வாத்தியார்.

சித்தி மெதுவாக, "மாமா, அது ஒண்ணு மட்டும் வேணாமே," என்றாள்.

பெரியப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தார். "தாலியறுத்தவ பூவும் பொட்டுமா நிக்கறத ஊரே பாக்கணுமா? கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குற ஊடு இது." அந்தப் பெண் நான்தான்.

"எனக்குப் பாவு தெரிஞ்சாப் போதுங்க. ஓரம் தேவையில்ல," என்றார் வாத்தியார்.

பெரியப்பா தறியில் இழை நறுக்கும் கத்திரியை எடுத்து வந்து வெட்டினார். சித்தியின் கை பாவின் மேல் இருந்தது. கையையும் எடுத்தால் பாவு குறையும் என்று, கையைப் படத்திலேயே விட்டு முழங்கைக்கு மேலே வெட்டினார். வெட்டிய துண்டைப் பெரியம்மா வாங்கிக்கொண்டு போய் அடுப்பில் போட்டாள். "சாருக்குக் காபி கொண்டாடி," என்று பெரியப்பா குரல் கொடுத்தார். சித்தி அந்த அடுப்பிலேயே பால் காய்ச்சினாள்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைச் சுற்றித்தான் கூட்டம். தறிக்காரர் ஒருவர் விரல் வைத்துக் கேட்டார்: "ஓரத்துல கை மட்டும் தெரியுதே, யாருதுப்பா இது?"

"கூலிக்கு வந்தவ எவளோ," என்றார் பெரியப்பா.

சித்தி என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பேசவில்லை. பேசியிருந்தால் அன்று இரவு அவளுக்குத்தான் அடி விழுந்திருக்கும்.

அதன் பிறகு அவள் எந்த வீட்டுக்கும் போய்ப் படம் கேட்கவில்லை. தேடிக் கொடுக்க வந்தவர்களையும், "வேணாம்மா, எடுத்துக்கினு போங்க," என்று அனுப்பிவிட்டாள். அவர்களில் ஒருத்தி எங்கள் வாசல் தாண்டியதும் படங்களைச் சாக்கடையில் வீசிவிட்டுக் கையை உதறிக்கொண்டு போனாள்.